மூடிக்கு முதல் பரிசு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தப்பு. அது என் வலது காலில் இருக்கிறது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தனியாக ஒரு பிரேக். எதிரில் லாரி வந்தாலும் சரி, எதிராளி புளுகினாலும் சரி, கால் தானாக அழுந்திவிடும். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அடியில்கூட அழுந்தும். அங்கே இருப்பது அவருடைய கால்தான் என்பதால் அவர் தள்ளியே உட்காருவார்.

இப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டுதான் 'மேசைவிளக்கு' குழுவின் சிறுகதைப் போட்டியை நடத்தும் பொறுப்பை ஏற்றேன்.

மேசைவிளக்கு என்பது இணையத்தில் இருக்கும் ஒரு கூட்டம். பகலில் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவர்கள் அங்கே கூடுவோம். ஒரு காலத்தில் கலகலவென்று இருந்த இடம். பிறகு போட்டி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். எந்தக் கதைக்கு அதிக விருப்பக்குறி விழுகிறதோ அதற்குப் பரிசு. தலைப்பு எப்போதும் தாய்மை, நட்பு, மழை, மறுபடியும் தாய்மை. வெற்றி பெறுபவரும் எப்போதும் ஒருவரே. அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் கவிக்கடல்.

கவிக்கடல் கதையைப் போட்ட மறுநிமிடம் ரசிகர்கள் வந்து குவிவார்கள். 'கண்கள் குளமாயின ஐயா' என்று ஒரு ரோஜாப்பூ படம் சொல்லும். 'உங்கள் காலத்தில் வாழ்வதே பெருமை' என்று ஒரு சூரிய அஸ்தமனம் உருகும். மனித முகம் ஒன்றுகூட இருக்காது. ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். அந்த வாரம் ரசிகர்கள் அத்தனை பேருக்கும் காய்ச்சல்போல, ஒருவர்கூடத் தலைகாட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தோண்டித் துருவிப் பார்த்ததில் ரோஜா, அஸ்தமனம், அருவி, ஆட்டுக்குட்டி எல்லாம் அவரே. ஆள் ஒன்று, கணக்குகள் ஒரு தோட்டம்.

நான் சும்மா இருப்பேனா? பொதுவெளியில் போட்டு உடைத்தேன். பழைய நிர்வாகி, "அப்ப நீங்களே நடத்துங்க தாயே" என்று சாவியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போனார். நான் முதல் வேலையாகத் தோட்டத்தைப் பிடுங்கி எறிந்தேன். கவிக்கடல் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தன்னுடைய ஒரே ஒரு உண்மையான கணக்கோடு ஒரு மூலையில் இருந்தார். அவரையும் வெளியேற்றிவிட வேண்டும் என்று எனக்கு நமைச்சல். தடுத்தவள் என் நாத்தனார்.

"இனிமே ஒருத்தருக்கு ஒரு கணக்குதான்னு நீங்க இப்பதான் விதி போட்டிருக்கீங்க. அவர்கிட்ட இப்ப ஒண்ணுதான் இருக்கு. எந்த விதிப்படி வெளிய போகச் சொல்லுவீங்க, அண்ணி?" என்றாள்.

என் வீட்டுக்காரரின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கதைப் புத்தகம் அச்சடிக்கும் இடம் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்துத் திணித்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துத் தாள், அதை அச்சடிக்கும் இடம். ஒரு புள்ளி இடம் மாறினால் ஓர் ஆளின் உயிர் போகும் என்பதால் அவளுக்குக் கண் கழுகுக் கண். கூடவே ஒரு வியாதியும் உண்டு. எழுத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும். மளிகைக்கடைச் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கடைக்குக் கொண்டுபோவாள்.

இருவரும் சேர்ந்து போட்டியைத் தலைகீழாக மாற்றினோம். விருப்பக்குறி கிடையாது. வெளியிலிருந்து மூன்று நடுவர்கள். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுத்தான் கதை அவர்களுக்குப் போகும். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வொரு கதைக்கும் நடுவர்கள் நாலு வரி கருத்து எழுதித் தர வேண்டும். ஜெயித்தவருக்குப் பரிசு, அடுத்த போட்டியின் தலைப்பைச் சொல்லும் உரிமை. இந்த முறை தலைப்பு 'வேறொருவர் குடை'. தாய்மைக்கு ஐந்து கதை வந்த இடத்தில் குடைக்கு முப்பதுக்கு மேல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெயரை நீக்கும் வேலை நாத்தனாருக்கு. யார் எழுதியது எது என்று எனக்கே தெரியக்கூடாது, கதைகளையும் முடிவு வரும்வரை நான் படிக்கமாட்டேன் என்று சபதம் செய்திருந்தேன். என் வாய் எனக்குத் தெரியாதா?

"எண் போட்டா ஒண்ணாம் நம்பருக்குத் தானா ஒரு மதிப்பு வந்துடும். வேற ஏதாவது பேர் வைக்கணும்" என்றவள், அப்படியே எழுந்து சமையலறைக்குள் போய் இழுப்பறையைத் திறந்தாள். கரண்டி, சல்லடை, புனல், இடுக்கி, மூடி என்று கதைகளுக்குப் பெயர் சூட்டினாள். பாதியில் பாத்திரம் தீர்ந்துபோக, மேல்தட்டில் இருந்ததை எல்லாம் இறக்கினாள். என் வீட்டுக்காரர் காப்பிக்குத் தம்ளர் கேட்டதற்கு, "தம்ளர் இப்ப போட்டியில இருக்கு, அண்ணா" என்றாள்.

நடுவர்களுக்குத் தலைவர் ஒரு நூலகர். நிதானமான மனுஷி. அவர் அழைத்தபோது நான் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குச் சிக்னலில் வண்டியை எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஒரு பெரிய சிக்கல். சல்லடை, புனல், இடுக்கி, இந்த மூணும் ஒரே ஆளோட வேலை" என்றார் நூலகர்.

ஓட்டிக்கொண்டிருந்த பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"நிச்சயமா தெரியுமா?"

"மூணு நடுவருக்கும் அதே சந்தேகம். விஷயம் வேற, பேச்சு வேற. ஆனா முடிக்கிற விதம் ஒண்ணு. மத்ததுலயும் அந்தச் சாயல் அங்கங்க இருக்கு, இந்த மூணுல அச்சு அசல். கதை உச்சத்துக்குப் போகுது, சட்டுனு கதவச் சாத்திட்டுப் போயிடுது. ஒரு வார்த்தை அதிகம் இல்ல. புதுசா எழுதுறவங்களுக்கு அந்தத் துணிச்சல் வராதும்மா. முதல் மூணு இடமும் அதுங்களுக்குத்தான். நீங்கதான் ஒருத்தருக்கு ஒரு கதைன்னு விதி வச்சிருக்கீங்க. மீறினா மூணையும் தள்ளணும்."

என் கால் அழுந்தியது. பச்சை விளக்கில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹார்னில் என்னைத் திட்டினார்கள். எனக்கு அது காதிலேயே விழவில்லை. ரோஜாப்பூ, அஸ்தமனம், அருவி! அந்த ஆள் திருந்தவே இல்லை. புதுப் பெயர்களில் மறுபடி தோட்டம் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சபதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நாத்தனாரிடம் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பெயர்களைச் சொன்னாள். சல்லடையை எழுதியவர் கிரேன் ஓட்டுபவர், புனலை எழுதியவர் செவிலி, இடுக்கியை எழுதியவர் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர். மூவரும் குழுவுக்குப் புதியவர்கள்.

"எல்லாம் வேஷம். முகத்தைக் காட்டச் சொல்றேன். எழுதினவங்களா இல்லையான்னு ஒரே கேள்வியில கண்டுபிடிச்சிடுவேன்" என்றேன்.

"வேண்டாமே, அண்ணி. அவங்க மனசு கஷ்டப்படும்."

"நீ சும்மா இரு."

கிரேன்காரரை முதலில் பிடித்தேன். திரையில் ஒரு மீசையும் அதற்குப் பின்னால் நிறைய வானமும் தெரிந்தன. அறுபது அடி உயரக் கூண்டுக்குள் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். கவிக்கடல் எவ்வளவுதான் கில்லாடியாக இருந்தாலும் கிரேன் மீது ஏறி உட்கார்ந்து மீசை ஒட்டிக்கொள்ளமாட்டார். எனக்குச் சுருதி கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"உங்க கதை எப்படி முடியுது, சொல்லுங்க பாப்போம்."

"நம்ம ஆளு, ஆபீஸ்ல தப்பா எடுத்துட்டு வந்த குடையத் திருப்பிக் கொடுக்கறதுக்கு அந்த வீடு தேடிப் போறான், மேடம். மணிய அடிக்கக் கைய தூக்குறான்."

என் கையில் நடுவர்களுக்கு அனுப்பிய பிரதி இருந்தது. அதில் கதை அங்கேயே முடிந்திருந்தது. "சரிதான்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அப்புறம் கதவு திறக்குது. அந்த வீட்டு அம்மா அழறாங்க, இவனும் அழறான். அப்புறம் மனிதநேயத்தப் பத்தி ஒரு பத்தி. அந்தப் பத்தியத்தான் மேடம் நான் உசுரக் கொடுத்து எழுதினேன். என் சம்சாரம் அதப் படிச்சிட்டு அழுதுட்டா."

நான் பிரதியைப் புரட்டினேன். கதவும் திறக்கவில்லை, யாரும் அழவும் இல்லை, மனிதநேயத்தைக் காணவே காணோம்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு விக்கல் கேட்டது.

செவிலியைக் கூப்பிட்டேன். அவர் கதையிலும் பிரதியில் இல்லாத ஒரு கடைசிப் பத்தி இருந்தது. காப்பகத்து அம்மா தன் தோளில் ஏறிய ஒரு பிள்ளையை இறக்கிக்கொண்டே தன் கடைசிப் பத்தியை மனப்பாடமாகச் சொன்னார். அதையும் காணோம். பின்னால் விக்கல் நிற்கவே இல்லை. என் நாத்தனாருக்குப் பொய் தங்காது. மறைத்தால் விக்கல் வரும். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

திரையை மூடிவிட்டுத் திரும்பினேன்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"முதல்ல எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தினேன், அண்ணி." விக்கல். "அப்புறம் கடைசிப் பத்தி கண்ண உறுத்துச்சு. எல்லாருமே கதைய நல்லா சொல்லிட்டு, கடைசியில இதனால விளங்குவது என்னன்னு ஒரு பத்தி எழுதி வச்சிருந்தாங்க. மனசு கேக்கல. கை தானா வெட்டிடுச்சு. முப்பதுலயும்."

"முப்பதுலயுமா!"

"ஒண்ணே ஒண்ணத் தவிர." விக்கல். "ஆனா எல்லாம் நல்லாத்தானே ஆயிருக்கு?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுதமாட்டேன். நியாயமான போட்டி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, நாங்களே முப்பது பேர் கதையைக் கேட்காமல் கொள்ளாமல் வெட்டியிருக்கிறோம். நல்லா ஆகிவிட்டதுதான், அதுதான் வயிற்றெரிச்சல். நடுவர்கள் முதல் மூன்று இடத்தைக் கொடுத்தது எழுதியவர்களுக்கு இல்லை, என் வீட்டுக் கத்தரிக்கோலுக்கு. நாத்தனார் அழுதாள். இனிமேல் போட்டிப் பக்கமே வரமாட்டேன் என்றாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கும் மனசு தாங்கவில்லை. ஆனால் சமாதானம் சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

மறுநாள் நடந்ததை ஒளிக்காமல் குழுவில் எழுதினேன். மூலக் கதைகளை அப்படியே மறுபடி நடுவர்களுக்கு அனுப்புகிறோம், தீர்ப்பு தாமதமாகும், மன்னியுங்கள். எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். குழு பிய்த்துக்கொண்டு போகும் என்றுதான் நினைத்தேன். சிலர் திட்டினார்கள், நியாயமான திட்டு. ஆனால் நிறையப் பேர், "என் கதையையும் வெட்டினாங்களா? எங்க, காட்டுங்க" என்று ஆவலாகக் கேட்டார்கள். கிரேன்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுதினார்: 'வெட்டினதுதான் நல்லா இருக்கு. ஆனா அது என் கதை இல்ல. என் கதையே போட்டியில இருக்கட்டும், தோத்தாலும் பரவாயில்ல.' அதைப் படித்துவிட்டு நாத்தனார் மறுபடி அழுதாள். இந்த முறை விக்கல் இல்லை.

நடுவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி படித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நூலகர் அழைத்தார்.

"மூணு பேரும் தனித்தனியா மார்க் போட்டோம், மூணு பேரும் ஒரே கதைக்குத்தான் முதல் இடம் கொடுத்திருக்கோம். மூடி. ரெண்டாவது சல்லடை, கொஞ்சம் தள்ளித்தான்."

நாத்தனார் துள்ளிக் குதித்தாள். "நான் தொடாத கதை அதுதான், அண்ணி! ஒரு எழுத்தக்கூடத் தொடல. எடுக்க எதுவுமே இல்ல."

என் மிச்ச சபதமும் முடிந்தது. மூடியை எடுத்துச் சத்தமாகப் படித்தேன்.

ஒரு மனிதர் தனியாக இருக்கிறார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. தெருவில் போகிறவர்கள் அதைக் கவனித்துவிடுவார்களோ என்று அவருக்கு வெட்கம். மழை பெய்யும் நாளில் கடையிலிருந்து வாங்கி வைத்த நாலைந்து குடைகளைக் குழாயடியில் நனைத்து, வாசலில் வரிசையாகச் சாத்தி வைக்கிறார். பார்க்கிறவர்கள் உள்ளே விருந்தாளிகள் நிறைந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பழைய நண்பர் ஒருவர் உண்மையாகவே தேடி வருகிறார். வாசலில் குடைகளைப் பார்க்கிறார். 'ஆள் நிறைய இருக்காங்க போல, அப்புறம் வரலாம்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிப் போகிறார். உள்ளே இருப்பவருக்குக் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அவ்வளவுதான் கதை. எந்தக் கதையையும் பாதியில் விட்டுத் தூங்கிவிடும் என் வீட்டுக்காரர், கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"யாருடி இத எழுதினது? சொல்லு, சொல்லு" என்றேன்.

நாத்தனார் உதட்டைக் கடித்தாள். "கோபப்படக்கூடாது."

"சொல்லித் தொலை."

"கவிக்கடல்."

மேசைக்கு அடியில் என் கால் அழுந்தியது. வீட்டுக்காரர் "ஐயோ" என்றார்.

அந்த ஆளா! யாரைக் கீழே இறக்குவதற்காக இத்தனை பாடுபட்டேனோ, அந்த ஆளையே என் வாயால் மேடை ஏற்ற வேண்டுமா? குழுவில் என்ன சொல்வார்கள்? பழையபடி அவர்தான், ஆள் மாறியும் கூத்து மாறவில்லை என்று சிரிக்கமாட்டார்களா?

"சல்லடைக்குக் கொடுத்துடேன். கிரேன்காரருக்குச் சந்தோஷமா இருக்கும். மூடி எழுதினவர் விலகிட்டார்னு சொன்னா நடுவர்களுக்குத் தெரியவா போகுது?" என்றார் என் வீட்டுக்காரர், காலைத் தடவிக்கொண்டே.

ஒரு நிமிடம் எனக்கு அந்த யோசனை இனித்தது. இல்லை என்று சொன்னால் எனக்கும் விக்கல் வரும்.

நாத்தனார் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கடைசிப் பத்திய வெட்டினதுக்கே என்னை அந்தப் பாடு படுத்தினீங்க. இப்ப ஒரு ஆளையே வெட்டப் பாக்குறீங்களே, அண்ணி."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பக் கதையைப் பார்த்தேன். வாசலில் சாத்திய நனைந்த குடைகள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரோஜாப்பூ, அஸ்தமனம், அருவி, ஆட்டுக்குட்டி. நான் அவற்றை ஏமாற்று வேலை என்று பிடுங்கி எறிந்தேன். ஏமாற்று வேலைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து, 'கண்கள் குளமாயின ஐயா' என்று தனக்குத் தானே எழுதிக்கொண்ட மனுஷனை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வர மறுத்தது. அது எனக்குப் புதுசு.

காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். 'மூடிக்கு முதல் பரிசு' என்று எழுதி, கதையையும் அவர் பெயரையும், மூன்று நடுவர்களின் கருத்தையும் குழுவில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வயதான குரல், தயங்கித் தயங்கிப் பேசியது.

"நான்தாம்மா... அந்தக் கவிக்கடல்." அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. "ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க, சார்."

"அந்த மூணு நடுவர்கள்... நிஜமான ஆளுங்கதானே?"

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நிஜமான ஆளுங்கதான், சார். ஒருத்தர் நூலகர், ஒருத்தர் தையல்கடை வச்சிருக்கார், இன்னொருத்தர் கணக்கு டீச்சர். மூணு பேரும் உங்களப் பாத்ததே இல்ல. எழுதினது நீங்கன்னும் அப்ப தெரியாது. கதை மட்டும்தான் தெரியும்."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"இத்தன வருஷமா நிறைய ஜெயிச்சிருக்கேன்மா" என்றார் கடைசியில். "ஒரு தடவகூட யாருகிட்டயும் சொல்லிக்கணும்னு தோணல. இப்ப சொல்லணும்போல இருக்கு. யாரு இருக்காங்கன்னு யோசிச்சேன். உங்க நம்பர்தான் இருந்துச்சு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன். "நல்லா இருக்கு சார் நீங்க பண்றது! போய்க் குழுவத் திறந்து பாருங்க. உங்க கதைக்குக் கீழ எத்தன பேர் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு. பதில் சொல்லாம உக்காந்திருந்தா என்ன நினைப்பாங்க? அப்படியே அடுத்த தலைப்பையும் சொல்லிட்டுப் போங்க, பரிச விட்டுடாதீங்க."

அவர் யோசித்தார். "அழைப்பு மணின்னு வைக்கலாமா?"

"தாராளமா."

நாத்தனார் அடுத்த போட்டிக்கு மறுபடி உதவிக்கு வந்துவிட்டாள். இப்போது ஒரு விதி கூடியிருக்கிறது: முடிவு வந்த பிறகு, விருப்பப்பட்டவர்கள் தங்கள் கதையை அவளிடம் வெட்டக் கொடுக்கலாம். முதல் ஆளாகக் கை தூக்கியவர் கிரேன்காரர். மனிதநேயப் பத்தியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை.

பரிசு அறிவித்த அன்று சாயங்காலம் கவிக்கடலின் கதைக்குக் கீழே போய்ப் பார்த்தேன். செவிலி எழுதியிருந்தார், காப்பகத்து அம்மா எழுதியிருந்தார், எனக்கே முகம் தெரியாத யார் யாரோ எழுதியிருந்தார்கள். ஒருத்தர், முடிவு பிடிக்கவில்லை, அந்த நண்பர் மணியை அடித்திருக்க வேண்டும் என்று சண்டைக்கு வந்திருந்தார். கவிக்கடல் எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். சண்டைக்கு வந்தவருக்குத்தான் மிக நீளமான பதில். நான் சொந்தக் கணக்கிலிருந்து 'கண்கள் குளமாயின ஐயா' என்று எழுதிவிட்டுச் சமைக்கப் போனேன்.